இரண்டாம் தரமும் அதே பதில்

பேராசிரியர் அந்த எண்ணைத் திரையில் காட்டியதும் அறையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனி நான் எழுதப்போவது முழுக்கக் கோபம். அதில் என் பங்கை மறைத்துவிட்டு எழுதினால், நான் திட்டுகிற ஆட்களுக்கும் எனக்கும் வித்தியாசம் இல்லாமல் போய்விடும்.

என் வேலை கேள்வி கேட்பது. ரொறன்ரோவில் ஒரு பல்கலைக்கழகக் குழு, வயதானவர்களின் மனநிலை பற்றி ஆய்வு நடத்தியது. பல மொழிக்காரர்களிடமும் கேட்டார்கள். தமிழில் கேட்பதற்கு ஆட்கள் தேவை என்று விளம்பரம் வந்தது. அதுவரை ஒரு பல் வைத்தியரின் கிளினிக்கில் போன் எடுத்துக்கொண்டிருந்த நான், ஐம்பது வயதுக்குப் பிறகு மூளைக்கு வேலை கொடுப்போம் என்று விண்ணப்பித்தேன். எடுத்துக்கொண்டார்கள். கழுத்தில் தொங்கவிட ஒரு அட்டை, கையில் ஒரு டாப்லெட், முதுகில் மாட்ட ஒரு பை. மோர்னிங்சைட்டில் இருக்கும் என் வீட்டிலிருந்து இரண்டு பஸ் பிடித்து, டோர்செட் பார்க் பக்கத்தில் இருக்கும் உயர்ந்த அப்பார்ட்மெண்ட் கட்டடங்களுக்குப் போவேன். அறுபத்தைந்து வயதுக்கு மேற்பட்ட தமிழர்கள் இருக்கும் கதவுகளைத் தட்டுவேன்.

இருபது கேள்விகள். கடந்த இரண்டு கிழமைகளில் நித்திரை வராமல் எத்தனை நாட்கள் அவதிப்பட்டீர்கள்? சாப்பாட்டில் விருப்பமில்லாமல் எத்தனை நாட்கள் இருந்தீர்கள்? காரணமில்லாமல் பயம் வந்ததா? ஒவ்வொன்றுக்கும் நான்கு பதில்கள்தான். ஒருநாளும் இல்லை என்றால் பூச்சியம். சில நாட்கள் என்றால் ஒன்று. பல நாட்கள் என்றால் இரண்டு. கிட்டத்தட்ட ஒவ்வொரு நாளும் என்றால் மூன்று. ஒரு மனிசி ஐந்து நிமிடம் கதைத்தாலும் கடைசியில் நான் ஒரு எண்ணைத்தான் அழுத்த வேண்டும்.

எதற்காக இது என்பதையும் சொல்கிறேன். அந்தக் கட்டடங்களில் ஒரு பரீட்சார்த்தத் திட்டம் நடந்துகொண்டிருந்தது. தமிழ் பேசும் ஆற்றுப்படுத்துநர், அதாவது கவுன்சிலர், ஒரு அம்மா ஒவ்வொரு புதன்கிழமையும் வந்து, கீழ்த்தளத்தில் உடுப்புத் தோய்க்கும் அறைக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன அறையில் இருப்பார். யாரும் போய் அவரோடு கதைக்கலாம். வயதானவர்கள் ஆங்கிலத்தில் டொக்டரிடம் போய் மனம் சரியில்லை என்று சொல்லப்போவதில்லை என்பதால் வந்த ஏற்பாடு. அதைத் தொடர்வதா நிறுத்துவதா என்பது எங்கள் ஆய்வின் முடிவைப் பார்த்துத்தான் தீர்மானிக்கப்படும். இந்த விஷயம் கேள்வி கேட்கும் எங்களுக்குத் தெரியும். பதில் சொல்பவர்களுக்குச் சொல்லக்கூடாது. சொன்னால் அந்த அம்மாவை நிறுத்திவிடக்கூடாது என்பதற்காகவே பதில் சொல்வார்கள் என்று விளக்கினார்கள். அது நியாயம். இன்றைக்கும் அது நியாயம் என்றுதான் சொல்வேன்.

பேராசிரியர் கெட்டவர் அல்லர். கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபம். பயிற்சியின் முதல்நாள் எங்களோடு மேசையில் இருந்து சாண்ட்விச் சாப்பிட்டபடி தன் துறையின் வெட்கக்கேட்டை அவரே சொன்னார். மனிதர்களைப் பற்றிய எத்தனையோ பெரிய ஆய்வுகளை வேறு ஆட்கள் திரும்பச் செய்து பார்த்தபோது அதே முடிவு வரவில்லையாம். தங்களுக்குப் பிடித்த முடிவு வரும்வரை தரவை இப்படித் திருப்பி அப்படித் திருப்பிப் பார்த்தவர்கள் பலராம். ஆகவே இந்த ஆய்வில் எல்லா விதிகளும் முதலிலேயே எழுதிப் பூட்டப்பட்டுவிட்டன, யாருடைய பதிலைச் சேர்ப்பது, யாருடையதை விலக்குவது என்பதுகூட, என்றார். எனக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போனது. பிழையை ஒத்துக்கொள்ளும் பெரிய மனிதர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

அந்த விதிகளில் ஒன்று, ஒரே வீட்டுக்கு இரண்டு தரம் போவது. இரண்டு கிழமை இடைவெளியில் அதே இருபது கேள்விகளை அதே ஆளிடம் திரும்பக் கேட்க வேண்டும். இரண்டு தரமும் பதில்கள் ஏறக்குறைய ஒத்துப்போனால் அந்தக் கேள்விகளை நம்பலாம். பெரிதாக மாறினால் கேள்வியில் கோளாறு, அல்லது பதில் சொன்னவர் கவனமில்லாமல் சொல்லியிருக்கிறார் என்று அர்த்தம்.

முதல் சில கட்டடங்கள் முடிந்ததும்தான் அந்தக் கைதட்டல். மற்ற மொழிக்காரர்களின் பதில்கள் இரண்டு தரத்துக்கும் இடையே கொஞ்சம் ஏறி இறங்கியிருந்தன. தமிழர்களின் பதில்கள் அச்சில் வார்த்ததுபோல் அப்படியே இருந்தன. அந்த ஒற்றுமையை ஒரே எண்ணாக்கித் திரையில் காட்டி, தமிழ் மூதாளர்கள் மிகக் கவனமான பங்கேற்பாளர்கள் என்று பேராசிரியர் புகழ்ந்தார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. எங்கள் சனம் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துச் சிரித்தேன்.

ஒரு நிமிடம் யோசித்திருந்தால் போதும். பெப்ரவரி மாதம். இரண்டு கிழமையில் ரொறன்ரோவில் மூன்று தரம் பனி கொட்டியது. ஒரு கட்டடத்தில் லிஃப்ட் பழுதாகி ஐந்து நாள் கிழவர்கள் கீழே இறங்கவில்லை. மூட்டு வலி வந்திருக்கும், பிள்ளைகள் போன் எடுக்காத கிழமை வந்திருக்கும், யாரோ ஒருவரின் மரண அறிவித்தல் வந்திருக்கும். எழுபது வயது மனிசியின் இரண்டு கிழமையும் அதற்கு முந்திய இரண்டு கிழமையும் இருபது கேள்வியிலும் ஒரே மாதிரி இருக்குமா? இருக்காது என்பது எந்த மடையனுக்கும் தெரியும். எனக்குத் தெரியவில்லை, ஏனென்றால் நான் கைதட்டிக்கொண்டிருந்தேன்.

கைதட்டலுக்கு அடுத்த கிழமைதான் நான் ஒரு அன்ரியின் வீட்டுக்கு இரண்டாம் தரம் போனேன்.

அவரைப் பற்றி அடையாளம் தெரியும்படி எதுவும் எழுதமாட்டேன். கையெழுத்துப் போட்டு வாக்குக் கொடுத்திருக்கிறேன். மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கர். கணவர் இறந்துவிட்டார். மகன் வேறு நகரத்தில். ஒற்றை அறை வீட்டில் தனியாக இருந்தார். முன்னறையில் மாதா சுரூபம், அதற்குக் கீழே ஒரு மின்விளக்கு, ஜன்னலோரம் பிளாஸ்டிக் பெட்டியில் கறிவேப்பிலைக் கன்று. முதல் தரம் நான் போனபோது என்னை இருக்கச் சொல்லிவிட்டு, தான் மட்டும் கதிரையின் நுனியில் நிமிர்ந்து இருந்தார். கழுத்து அட்டையை இரண்டு தரம் வாசித்தார். சம்மதப் படிவத்தை ஒவ்வொரு வரியாக விரலால் தொட்டு வாசித்துவிட்டுத்தான் கையெழுத்து வைத்தார். வயது என்று நினைத்தேன். எல்லாக் கேள்விக்கும் பதில் டக்கென்று வந்தது. பூச்சியம், பூச்சியம், ஒன்று, பூச்சியம். கேள்வி முடிய முதலே பதில். கெட்டிக்கார மனிசி, நேரத்தை வீணாக்காது என்று எனக்குச் சந்தோஷம்.

இரண்டாம் தரம் தேத்தண்ணி வைக்க அவர் குசினிக்குப் போனார். மேசையில் செபப் புத்தகம் திறந்தபடி இருந்தது. அதன் நடுவில் ஒரு கடதாசித் துண்டு. ஒன்றிலிருந்து இருபது வரை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு எண். பூச்சியம், பூச்சியம், ஒன்று, பூச்சியம். எட்டாவதற்கு எதிரே ஒன்று என்று எழுதி, அதை வெட்டி, பூச்சியம் ஆக்கி, பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருந்தது.

அன்ரி கோப்பையோடு வந்தார். நான் பார்த்ததை அவர் பார்த்தார்.

“உது என்ன அன்ரி?” என்று கேட்டேன்.

“உதோ? போன முறை நான் சொன்னதுகள் பிள்ளை. நீர் போன உடன இருந்து எழுதி வச்சனான். ஒண்டு ரெண்டு மறந்துபோச்சு. எட்டாவதுக்கு நான் என்ன சொன்னனான்? ஒண்டோ பூச்சியமோ?”

“ஏன் எழுதி வச்சனீங்கள்?”

என்னை ஏதோ விளங்காத பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

“திரும்ப வந்து அதையே கேப்பம் எண்டு சொன்னனீர்தானே. மாத்திச் சொன்னா பிழைச்சுப்போகுமெல்லே?”

பிறகு சொன்னார். வந்த புதிதில் அகதி விண்ணப்பப் படிவத்தில் வீட்டைவிட்டு வெளிக்கிட்ட நாளை வியாழக்கிழமை என்று எழுதியிருந்தார்கள். விசாரணையில் கணவர் செவ்வாய்க்கிழமை என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான். ஷெல் விழுந்ததும் உண்மை, தம்பியைப் பிடித்துக்கொண்டு போனதும் உண்மை, வெளிக்கிட்டதும் உண்மை. ஆனால் நாள் மாறியதால் இவர்கள் சொல்வதை நம்ப முடியாது என்று எழுதி அனுப்பினார்கள். கேஸ் அடிபட்டது. பிறகு மனிதாபிமான அடிப்படையில் என்று இன்னொரு விண்ணப்பம் எழுதி, பல வருஷம் காத்திருந்து, ஒருமாதிரி இங்கே இருக்க அனுமதி கிடைத்தது.

“அவர் சாகும் மட்டும் செவ்வாயோ வியாழனோ எண்டு யோசிச்சவர். ஆசுப்பத்திரியிலயும் என்னைக் கேட்டவர். எனக்கும் வடிவாத் தெரியேல்ல பிள்ளை. ஆருக்குத் தெரியும், அந்த நேரம் நாள் கிழமை பாத்தே ஓடினனாங்கள்?”

கையில் இருந்த கோப்பையை மேசையில் வைத்தேன். இதை எனக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. நானும் அப்படி வந்தவள்தான். பதினாறு வயதில் விசாரணைக்கு முதல் ஒரு மாதம், பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அம்மா எங்களைச் சாப்பாட்டு மேசையில் இருத்திப் பாடமாக்க வைப்பாள். ஆமிக்காரர் வந்தது எந்த மாதம்? எத்தனை பேர்? வந்த வாகனம் என்ன நிறம்? நான் பச்சை என்று சொல்ல அக்கா மண்ணிறம் என்றால் இரண்டு பேருக்கும் அடி விழும். உண்மையில் என்ன நிறம் என்பதை அம்மா கேட்டதே இல்லை. ஒரே நிறத்தைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். கடைசியில் பச்சை என்று தீர்மானித்தோம். இன்றைக்கும் கனவில் அந்த வாகனம் பச்சையாகத்தான் வருகிறது. இப்படி வளர்ந்த நான், கழுத்தில் அட்டையைத் தொங்கவிட்டு, கையெழுத்து வாங்கி, இரண்டு கிழமை கழித்து அதே கேள்வியை ஒரு அகதி மனிசியிடம் திரும்பக் கேட்டுவிட்டு, ஆகா எவ்வளவு ஒற்றுமை என்று கைதட்டியிருக்கிறேன்.

எட்டாவது கேள்வி, கதவு தட்டும் சத்தம் போன்ற சாதாரண சத்தங்களுக்குத் திடுக்கிடுவது பற்றியது. போன முறை என்ன சொன்னார் என்று நான் சொல்லக்கூடாது. சொல்லவில்லை. அவர் கடதாசியில் வெட்டியிருந்த எண்ணைப் பார்த்துவிட்டுப் பூச்சியம் என்றார். நான் அழுத்தினேன்.

அதற்குப் பிறகு போன வீடுகளில் எல்லாம், கேள்விகள் முடிந்தபின் சாதாரணமாகக் கதைப்பதுபோல் விசாரித்தேன். ஒரு ஐயா பொக்கற்றிலிருந்து கடதாசியை எடுத்துக் காட்டினார். கணவனும் மனைவியுமாக இருந்த ஒரு வீட்டில் முதல்நாளே ஒருவரை ஒருவர் கேட்டுப் பாடமாக்கியிருந்தார்கள். இன்னொரு அம்மா, மேல்மாடிக்காரி எழுதி வைக்கச் சொன்னவள் என்றார். எழுதிப் பழக்கமில்லாத சிலர் சுலபமான வழி கண்டுபிடித்திருந்தார்கள். எல்லாவற்றுக்கும் பூச்சியம். பூச்சியத்தை மறக்கத் தேவையில்லையே.

பேராசிரியரிடம் போனேன். அடக்கமாகச் சொல்ல வேண்டும் என்று பஸ்ஸில் ஒத்திகை பார்த்துக்கொண்டுதான் போனேன். எல்லாவற்றையும் கேட்டார். குறிப்பு எடுத்தார். மிகவும் சுவாரசியமான விஷயம் என்றார். சுவாரசியம் என்ற சொல்லை அவர்கள் பாவிக்கும்போது எனக்குப் பத்திக்கொண்டு வரும். வீடு எரியும்போது தீயின் நிறம் வடிவாக இருக்கிறது என்று சொல்வதுபோல் இருக்கும்.

“அப்படியென்றால் அந்த எண்ணை என்ன செய்யப் போகிறீர்கள்?” என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

தரவு சரியா என்று பார்ப்பதற்காகச் சில வீடுகளுக்கு மூன்றாம் முறை போவது ஏற்கனவே திட்டத்தில் இருக்கிறது, எந்த வீடுகள் என்பதைக் கணினி குலுக்கல் முறையில் தெரிவுசெய்யும், அங்கே பார்ப்போம் என்றார். நான் ஒன்று கேட்டேன். கேள்விகளுக்கு முன்னால் ஒரு வசனம் சேர்க்க விடுங்கள். பதில் மாறினால் பிழையில்லை, இது விசாரணை அல்ல என்று மட்டும். அவர் யோசித்து, எல்லா மொழிக்காரருக்கும் ஒரே மாதிரிச் சொல்வதென்றால் சரி என்றார். அன்றைக்கு நான் அவரை வாழ்த்திக்கொண்டுதான் வீட்டுக்குப் போனேன்.

குலுக்கலில் அன்ரியின் இலக்கம் வந்தது.

மூன்றாம் தரம் போனபோது செபப் புத்தகம் மடியில் இருந்தது. நான் டாப்லெட்டைத் திறக்காமல் அந்த வசனத்தை எங்கள் பேச்சில் சொன்னேன்.

“அன்ரி, இது ஹியறிங் இல்லை. நான் ஒஃபிசரும் இல்லை. போன தரம் சொன்னது மாறினாப் பிழை ஒண்டும் இல்லை. இப்ப எப்பிடி இருக்கிறீங்களோ அதைச் சொல்லுங்கோ.”

“மாத்தினா ஒண்டும் செய்யமாட்டினமோ?”

“ஒண்டும் செய்யமாட்டினம்.”

“நிச்சயமாவோ பிள்ளை?”

“நிச்சயம் அன்ரி. நான் சொல்லுறன்தானே.”

நான் சொல்லுறன்தானே! அந்த நாக்கைப் பிடுங்கி எறிய வேண்டும்போல் இருக்கிறது இப்போது.

புதன்கிழமை வரும் ஆற்றுப்படுத்துநரைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. அது நாக்கு நுனிவரை வந்தது. நீங்கள் நன்றாக இருக்கிறேன் என்று சொல்லச் சொல்ல அந்த அம்மா வராமல் போய்விடுவா அன்ரி என்று ஒரு வரி சொன்னால் போதும், கட்டடம் முழுக்கப் பதில் மாறியிருக்கும். ஆனால் அது களவு. விதி விதிதான் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

அன்ரி கடதாசியை எடுத்து, நான்காக மடித்து, புத்தகத்தின் பின்னட்டைக்குள் செருகினார். பிறகு கதைக்கத் தொடங்கினார். இருபது கேள்விகளுக்கு ஒன்றரை மணித்தியாலம் எடுத்தது. கட்டிலில் படுப்பதில்லை, வாசற்கதவைப் பார்த்தபடி கதிரையில்தான் நித்திரை என்றார். கொரிடோரில் யாராவது நடந்தால் ரி.வி. சத்தத்தை நிப்பாட்டிவிட்டு, அவர்கள் தாண்டிப் போகும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்பார். சமைப்பது கிழமையில் இரண்டு நாள். மற்ற நாட்களில் பாணும் தேத்தண்ணியும். மகன் போனில் கேட்டால் மீன் குழம்பு வைத்தேன் என்று பொய் சொல்வார். புதன்கிழமை மட்டும் தலை வாரி இழுத்து, நல்ல உடுப்புப் போட்டுக் கீழே போவாராம்.

“அந்தப் பிள்ளையோட ஒரு மணித்தியாலம் கதைச்சா, ரெண்டு நாளைக்கு நெஞ்சு பாரமில்லை. பிறகு திரும்பத் துவங்கிவிடும்” என்றார்.

இரண்டு, மூன்று, மூன்று, இரண்டு. எட்டாவதற்கு மூன்று. அழுத்தும்போது என் விரலுக்கு அந்த ஆய்வு முழுவதிலும் முதல் முறையாக ஒரு உண்மையைத் தொட்டதுபோல் இருந்தது. வெளிக்கிடும்போது என் கையைப் பிடித்து, “சொன்னது நல்லதுதான், என்ன?” என்று கேட்டார். நல்லது அன்ரி, மிகவும் நல்லது என்றேன்.

மூன்றாம் சுற்றில் மற்ற வீடுகளில் பெரும்பாலானவர்கள் மாற்றவில்லை. நான் சொன்ன வசனத்தைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு, பழைய எண்களையே ஒப்புவித்தார்கள். விசாரணை அல்ல என்று ஒருவர் வந்து சொன்னால் அது விசாரணைதான் என்று எங்கள் சனத்துக்கு அனுபவம்.

ஒரு மாதம் கழித்துத் தரவுகளைச் சரிபார்க்க அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். நீளமான அட்டவணை. நான் போன வீடுகளின் இலக்கங்களைத் தேடிக்கொண்டே போனேன். அன்ரியின் இலக்கம் சாம்பல் நிறத்தில் இருந்தது. பக்கத்தில் விலக்கப்பட்டது என்று போட்டு, காரணம் கவனமற்ற பதிலாளர் என்று எழுதியிருந்தது. ஒரே ஆளின் பதில்கள் குறிப்பிட்ட அளவுக்கு மேல் மாறினால், அவருடைய எல்லாப் பதில்களையும் நீக்கிவிட வேண்டும் என்பது முதலிலேயே எழுதிப் பூட்டிய விதி. கணினி அதை ஒழுங்காகச் செய்திருந்தது. கடதாசி பார்த்து ஒப்புவித்தவர்கள் எல்லாரும் வெள்ளை நிறத்தில், மிகக் கவனமானவர்களாக, பத்திரமாக இருந்தார்கள்.

கதவைத் தட்டாமலே பேராசிரியரின் அறைக்குள் போனேன்.

“இந்தப் பட்டியலில் உண்மை சொன்னது என்று எனக்குத் தெரிந்த ஒரே மனிசி இவர்தான். இவரைத்தான் தூக்கி எறிந்திருக்கிறீர்கள்” என்றேன்.

அவர் என்னை இருக்கச் சொன்னார். நான் இருக்கவில்லை. அவர் கோபப்படவில்லை, அதுதான் இன்னும் எரிச்சல். விதியை இப்போது மாற்றினால், நமக்குப் பிடித்த முடிவுக்காக மாற்றியவர்களாகிவிடுவோம், அதைச் செய்து செய்துதான் எங்கள் துறை நாறிப்போனது, அந்த அம்மாவுக்காக நானும் கவலைப்படுகிறேன், ஆனால் ஒருவருக்காக விதியைத் தளர்த்தினால் முழு ஆய்வையும் யாரும் நம்பமாட்டார்கள் என்றார்.

இதில் நியாயம் இருப்பது எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் கோபம் கூடியது. அவரைச் சேர்த்தே ஆக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. நடந்ததை எழுதுங்கள் என்றேன். வீடுகளில் கடதாசிகள் இருந்தன என்று எழுதுங்கள். ஒத்துப்போன பதில்களுக்குப் பயம் காரணமாக இருக்கலாம், இந்தக் கேள்விகளைக் கொண்டு இந்தச் சனத்தை அளக்க முடியவில்லை, ஆகவே அவர்கள் சுகமாக இருக்கிறார்கள் என்றும் சொல்ல முடியாது என்று எழுதுங்கள். இதற்கு எந்த விதியையும் உடைக்கத் தேவையில்லை. எங்களுக்குத் தெரியவில்லை என்று ஒரு வரி. அதை எழுதுவதற்கு என்ன கஷ்டம்?

எழுதுவோம் என்றார். எழுதினார்கள். அறிக்கை வந்தபோது வாசித்தேன். கடைசிக்கு முந்திய பக்கத்தில், குறைபாடுகள் என்ற தலைப்பின் கீழ் இருந்தது. சில தமிழ்ப் பங்கேற்பாளர்களிடம் ஒரே மாதிரிப் பதிலளிக்கும் பண்பாட்டு நாட்டம் காணப்பட்டிருக்கலாம், ஆயினும் அளவையின் நம்பகத்தன்மை மிக உயர்வாக இருந்தது.

பண்பாட்டு நாட்டம்! எந்தப் பண்பாடு? பொங்கலுக்குப் பொங்குவது பண்பாடு. பெருநாளுக்குப் பலகாரம் சுட்டு அயலவருக்குக் கொடுப்பது பண்பாடு. வியாழனைச் செவ்வாய் என்று சொன்னதற்காக உன்னை நம்பமாட்டோம் என்று எழுதி அனுப்பியது யாருடைய பண்பாடு? ஊரிலிருந்து நாங்கள் எத்தனையோ பயங்களைக் கொண்டுவந்தோம், மறுக்கவில்லை. ஆனால் இந்தப் பயத்தை இங்கேதான் பழகினோம். இந்த நகரத்தில், குளிரூட்டிய அறையில், மொழிபெயர்ப்பாளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பழகினோம். பழக்கியவர்களின் நாட்டிலேயே ஒரு பல்கலைக்கழகம் வந்து, அந்தப் பயத்தை அளந்து, அதற்கு நம்பகத்தன்மை என்று புள்ளியும் போட்டு, மிச்சம் இருந்ததை எங்கள் பண்பாட்டின் தலையில் கட்டிவிட்டுப் போனது. நான் அந்தப் பக்கத்தைக் கசக்கி எறிந்தேன். பிறகு எடுத்து நீவி வைத்தேன், யாராவது கேட்டால் காட்ட வேண்டும் என்று. இதுவரை யாரும் கேட்கவில்லை.

அறிக்கையின் முன்பக்கத்தில், தமிழ் மூதாளர்களிடையே துயரத்தின் அளவு குறைவாக இருப்பதாக இருந்தது. நன்றி கூறும் பகுதியில் பயிற்சி பெற்ற தமிழ் நேர்காணலாளர்களுக்கு நன்றி என்றும் இருந்தது. அந்தப் பயிற்சி பெற்றவள் நான்தான். முதல் தரம் அந்த வீட்டில் பதில் டக்டக்கென்று வந்தபோது, ஏன் அன்ரி இவ்வளவு அவசரம், ஆறுதலாகச் சொல்லுங்கோ என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அன்றைக்கு இன்னும் மூன்று வீடு பாக்கி இருந்தது. பேராசிரியரைத் திட்டும்போதெல்லாம் இது எனக்கு முன்னால் வந்து நிற்கும்.

வேலையை விட்டுவிட்டேன். விட்டதில் பெருமை ஒன்றும் இல்லை. ஒப்பந்தம் முடிய இரண்டு கிழமைதான் இருந்தது. பல் வைத்தியரின் கிளினிக்கில் திரும்பவும் போன் எடுக்கத் தொடங்கினேன்.

ஜூன் மாதம் ஒரு புதன்கிழமை, மத்தியானச் சாப்பாட்டு நேரம், என் கைத்தொலைபேசி அடித்தது. அன்ரி. ஏதாவது சந்தேகம் இருந்தால் கேட்கலாம் என்று நான் முதல்நாள் கொடுத்த இலக்கத்தை வைத்திருந்திருக்கிறார். கீழ்த்தளத்து அறைக் கதவில் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு அறிவித்தல் ஒட்டியிருக்கிறதாம். இனிப் புதன்கிழமை ஆள் வரமாட்டாராம். தலை இழுத்து, உடுப்பு மாற்றிக் கீழே போனபிறகுதான் பார்த்தாராம்.

“பிள்ளை, ஒண்டு கேக்கட்டே? கோவிக்கக் கூடாது.”

“கேளுங்கோ அன்ரி.”

“நான் கடைசியா மாத்திச் சொன்னதாலயோ அவவை நிப்பாட்டினவை?”

சாப்பாட்டுப் பெட்டியை மூடினேன்.

“இல்லை அன்ரி. அதால இல்லை.”

“உண்மையாவோ?”

“சத்தியமா இல்லை.”

“அப்ப முதல் ரெண்டு தரமும் ஒண்டும் இல்லை எண்டு சொன்னதாலயோ?”

“அதாலயும் இல்லை. நீங்கள் சொன்னது மாறினபடியா, உங்கட பேப்பரை அவை சேர்க்கேல்ல. முதல் சொன்னதும் இல்லை, பிறகு சொன்னதும் இல்லை.”

மாற்றினால் ஒன்றும் செய்யமாட்டார்கள் என்று நான் கொடுத்த வாக்கை அவர் எடுத்துக் காட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவர் வீட்டுக் கொரிடோரில் யாரோ கதைத்துக்கொண்டு போவது போனில் கேட்டது. அவர்கள் தாண்டிப் போகும்வரை அன்ரி மௌனமாக இருந்தார்.

பிறகு, கோபமே இல்லாமல், உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோல் கேட்டார்.

“அப்ப என்னத்துக்குப் பிள்ளை மூண்டு தரம் வந்தனீர்?”